நீலிக்கு நாள் குறித்த கதை

வணக்கம் நேயர்களே. வயதான குதிரையைப் பற்றி வானொலியில் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். எந்தக் குதிரை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே குதிரைதான், எங்கள் நீலி.

1996 ஆடி மாதம், அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் அப்பா அவளை வாங்கினார். அங்கே சுழி பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு, பல் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. அப்பா பல் கட்சி. உதட்டை விலக்கிப் பார்த்தார், முன்பற்களில் பால்பல் ஒன்றுகூட மிச்சமில்லை. "அஞ்சு வயசு" என்றார். அப்போது மழைமேகம் மாதிரி கருநீல நிறம். இந்த மாதிரிக் குதிரைகள் வயது ஏற ஏற வெளுக்கும். கடைசியில் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் ஆகிவிட்டாள். வெள்ளைக் குதிரைக்கு ஏன் நீலி என்று பேர் என்று எல்லாரும் கேட்பார்கள்.

அதற்கு வீட்டில் இரண்டு பதில் இருந்தது. அப்பா நிறத்தைச் சொல்வார், அம்மா குணத்தைச் சொல்வார். கடலூரில், திருப்பாப்புலியூர் ரயிலடியிலிருந்து மஞ்சக்குப்பம் வரை எங்கள் ஜட்கா வண்டி ஓடியது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது முன்னங்கால் நொண்டும். சவாரி ஏறியவர் பாவப்பட்டு இறங்கிவிடுவார். சாயங்காலம் வீட்டுப் பக்கம் திருப்பினால் நொண்டல் போன இடம் தெரியாது. "நீலிக் கண்ணீர் விடறாடா" என்பாள் அம்மா. இந்த நொண்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

தானே புயலைச் சொல்லாமல் என்னால் நீலியைப் பற்றிப் பேச முடியாது. நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தானே அது கரை ஏறியது. 2011 டிசம்பர் 30, விடியற்காலை. கொட்டகையில் இருந்தவள் கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நானும் தம்பியும் கையில் டார்ச்சோடு போய் அவளை உள்ளே இழுக்கிறோம். அசைய மாட்டேன் என்கிறாள். மரம் இல்லாத வெட்டவெளியில், காற்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறாள். இருபது வயதில் புத்தி கெட்டுவிட்டது என்று திட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடினோம். விடிந்து பார்த்தால் கொட்டகையின் மேல் வேப்பமரம் கிடக்கிறது. நீலி அதே இடத்தில் நிற்கிறாள், மேலெல்லாம் இலை ஒட்டிக்கொண்டு. அன்றிலிருந்து, அவளுக்கு எது நல்லது என்று நாங்கள் அவளிடம் வாதாடுவதில்லை.

சரி, வயதான கதைக்கு வருகிறேன். குதிரைக்கு மேல்வரிசை ஓரப்பல்லில் ஒரு கோடு விழும். பத்து வயது வாக்கில் ஈறோரம் தெரியும், இருபதில் பல்லின் நுனியைத் தொடும், பிறகு மேலிருந்து மறைய ஆரம்பிக்கும். இதை வானொலியில் வரைந்து காட்ட முடியாது, விட்டுவிடுகிறேன். நீங்கள் கண்ணால் பார்க்கக்கூடியது வேறு. கண்ணுக்கு மேலே குழி விழும். வைக்கோலை மென்று, விழுங்க முடியாமல், ஈர உருண்டையாகக் கீழே போடும். அதைப் பார்த்த நாளிலிருந்து கொள்ளை வேகவைத்து மசித்து, தவிட்டில் குழைத்துக் கொடுத்தேன். தரகர் ஒருவர் வந்து விலை கேட்டார். எங்கே கொண்டுபோவார் என்று எனக்குத் தெரியும். வாசலோடு அனுப்பிவிட்டேன்.

2018ல் அவளுக்கு 27 வயது. வண்டி ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரு காலை முன்னங்கால் நொண்டினாள். நான் சிரித்தேன். "வண்டியே இல்லையேடி, யாரை ஏமாற்றுகிறாய்" என்றேன். இரண்டு நாள் அப்படியே விட்டேன். மூன்றாம் நாள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

குதிரை படுத்தே கிடக்கக் கூடாது. அதன் கனமே அதன் சதையை நசுக்கிவிடும். ஆறு பேர் சேர்ந்து சாக்கைக் கொடுத்துத் தூக்கினோம். நின்றாள், நடுங்கினாள், மறுபடி சாய்ந்தாள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "நாள் நீங்களே குறித்துவிடுங்கள்" என்றார். நாள் குறிப்பதாவது! கல்யாணத்துக்கா? ஆனால் நேயர்களே, நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ஊசி போட்டு வழியனுப்பும் நாளை நாம்தான் குறிக்க வேண்டும், அதுவும் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே. நான் ஒரு வாரம் தாமதித்தேன். தானாகப் போகட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரமும் வேதனை அவளுக்கு, மனசமாதானம் எனக்கு.

திருவந்திபுரத்தில் மைத்துனர் கொல்லைக்குக் கொண்டுபோய், மறுபடி தூக்கி நிறுத்தினோம். மலைமேல் ஹயக்ரீவர், குதிரைமுகச் சாமி. அப்பா அந்த வழியாக வண்டி ஓட்டினால் லகானை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு கும்பிடுவார். முதலில் ஒரு மயக்க ஊசி. தலை என் தோளில் இறங்கியது, மூச்சில் கொள்ளு வாசனை. "நீங்கள் தள்ளி நில்லுங்கள், எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். கழுத்து நரம்பில் இரண்டாவது ஊசி. சாய்ந்தாள். அவர் விரலால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை.

நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அடக்கம் செய்வது பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். பள்ளத்தை முந்தின நாளே ஜேசிபி வைத்து ஆழமாக வெட்டிவிடுங்கள். ஊசி மருந்து உடம்பிலேயே இருக்கும், நாய் தோண்டித் தின்றால் நாயும் போகும். அப்புறம், கூட வளர்ந்த உயிருக்கு உடம்பைக் காட்டுங்கள், முகர்ந்து பார்க்க விடுங்கள். எங்களிடம் ஒரு வெள்ளாடு இருந்தது, நீலியின் காலடியிலேயே படுத்துத் தூங்கும். அதைக் கூட்டிப்போக மறந்துவிட்டேன். மூன்று நாள் முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. நாலாம் நாள், சட்டியில் நீலிக்கென்று மிச்சமிருந்த கொள்ளைத் தின்றது.

நன்றி, வணக்கம்.