லூர்து நகரில் ஓர் ஈஸ்டர்

நண்பர்களே, லூர்து மாதாவைத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. வேளாங்கண்ணியையே கிழக்கின் லூர்து என்கிறோம். அந்த லூர்துக்கு நடந்த இரண்டு பயணங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1960களின் கடைசி. பிரான்சில் ஒரு குடும்பம். இரண்டு மகன்களுக்கும் கடுமையான அறிவுசார் குறைபாடு. மறைமாவட்டத் திருப்பயணத்தில் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பெற்றோர் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது, மற்றவர்களுக்கும் தொந்தரவு என்று மறுத்துவிட்டார்கள். சரி, நாமே போவோம் என்று நால்வரும் கிளம்பினார்கள். இடம் கொடுத்த விடுதியிலும் ஒரு நிபந்தனை: சாப்பாட்டுக் கூடத்துக்கு வரக்கூடாது, அறையிலேயே சாப்பிட வேண்டும். நோயுற்றோர் தேடிப் போகும் ஊரிலேயே இப்படி! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்தப் பெற்றோரின் வேதனையைக் கேட்டார்கள் இருவர்: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக உழைத்துவந்த மரி-எலேன் மத்தியூவும் ஜான் வனியேயும். அவர்கள் வேறொரு பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். (வனியே பல பெண்களைத் தகாத முறையில் பயன்படுத்தினார் என்பது 2020இல் வெளிவந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.) 1971 ஈஸ்டருக்குப் பதினைந்து நாடுகளிலிருந்து ஏறக்குறைய 12,000 பேர் லூர்து வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சுமார் 4,000 பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். ஊர் பயந்தது. ஆனால் நடந்தது பாட்டும் ஆட்டமும்தான்! மறைத்து மறைத்து வளர்த்த பிள்ளையோடு தெருவில் ஆடுவது ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இந்த மகிழ்ச்சி திடீரென்று வந்ததல்ல. பயணத்துக்கு முன்பே அவரவர் ஊரில் சிறு குழுக்களாகக் கூடிப் பழகியிருந்தார்கள். பிள்ளைகள், பெற்றோர், நண்பர்கள் என்று குழுவுக்கு முப்பது பேர் அளவில். ஊர் திரும்பிய பிறகு அந்தக் குழுக்களைக் கலைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதுதான் ‘நம்பிக்கையும் ஒளியும்’ என்ற இயக்கமாகி, இன்று பல நாடுகளில் இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். பேச்சு, ஜெபம், சாப்பாடு, அப்புறம் கொண்டாட்டம். அங்கே யாரும் யாருக்கும் சேவை செய்ய வருவதில்லை. நண்பரைப் பார்க்க வருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நம் பங்கிலும் அப்படிக் கூடுவோமா? அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் மதியச் சாப்பாடு. பிள்ளை சத்தம் போடுவானே என்று வீட்டிலேயே இருந்துவிடும் அம்மாக்களே, அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். எல்லோருக்கும் ஒரே பந்திதான்.