மக்காச்சோளமும் சுண்ணாம்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிக்காகோ நகரத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். சாப்பாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, பர்கரையும் பீட்சாவையும் எதிர்பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் எடுத்துக்கொண்டது பக்கத்து நாட்டுச் சமையல். மெக்சிகோவின் சாப்பாடு, அதை அமெரிக்கர்கள் சாப்பிடும் விதம்.

அமெரிக்காவுக்குப் போகிற தமிழர்களுக்கு முதல் மாதமே மெக்சிகன் உணவு பிடித்துப்போகும். சோறு இருக்கும், பீன்ஸ் இருக்கும். பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, வெங்காயம், எலுமிச்சை எல்லாம் இருக்கும். நாக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். சைவக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பீன்ஸ் புரிட்டோ, அதாவது பீன்ஸை உள்ளே வைத்துச் சுருட்டிய ரொட்டி, வாங்குவார்கள். அந்த மசித்த பீன்ஸைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குகிறார்கள் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அது தனிக் கதை.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் டாக்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பளம் போல மொறுமொறுவென்று வளைந்த ஓடு, உள்ளே கொத்துக்கறி, லெட்டூஸ், மேலே மஞ்சள் சீஸ் துருவல். கூட வேலை பார்த்த நண்பர் மெக்சிகோவின் புவெப்லா நகரத்துக்காரர். எட்டிப் பார்த்து, "நன்றாக இருக்கிறதா?" என்றார். "உங்கள் ஊர்ச் சாப்பாடுதானே, நன்றாக இல்லாமலா?" என்றேன். சிரித்தார். "எங்கள் ஊரில் இதை யாரும் பார்த்ததுகூட இல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் இதையும் செய்தவர்கள் எங்கள் ஆட்கள்தான்" என்றார்.

ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இந்த இரண்டு வாக்கியத்துக்கும் அர்த்தம் புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்று ஓர் ஊர். அங்கே மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம் ஒன்று 1937இல் திறந்த மிட்லா கஃபே இன்றும் நடக்கிறது. தொர்தீயா என்ற சோள ரொட்டியை எண்ணெயில் பொரித்து, கறி வைத்து, சீஸ் தூவிய டாக்கோ அங்கே பிரபலம். எதிர்ச் சாரியில் கிளென் பெல் என்பவர் ஹாம்பர்கர் கடை போட்டிருந்தார். எதிர்க்கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். போய்ச் சாப்பிட்டார், செய்முறையைக் கற்றுக்கொண்டார். ஓடுகளை முன்கூட்டியே பொரித்து அடுக்கி வைத்துக்கொண்டால் பர்கர் வேகத்தில் விற்கலாம் என்று கண்டுகொண்டார். 1962இல் டௌனி என்ற ஊரில் முதல் டாக்கோ பெல் திறந்தது. ஓடுகளைப் பொரிக்க அச்சு கண்டுபிடித்தவரும் பெல் இல்லை. நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்தொனாதோ என்ற மெக்சிகோக்காரர் அதற்கு 1950லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

டாக்கோ பெல் நிறுவனம் மெக்சிகோவிலேயே இரண்டு முறை கடை போட்டுப் பார்த்தது. 1992இல் ஒரு முறை, 2007இல் மோந்தெர்ரேய் நகரில் இன்னொரு முறை. இரண்டாம் முறை உஷாராக, டாக்கோ என்ற பெயரையே விட்டுவிட்டு "டாக்கோஸ்தாதா" என்று பெயர் சூட்டி, உருளைக்கிழங்கு வறுவலையும் பக்கத்தில் வைத்தது. 2010 வரைதான் தாக்குப்பிடித்தது.

டெக்சாஸ் பக்கத்துக் கதை இன்னும் பழையது. 1848இல் அமெரிக்காவுடனான போர் முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தானபோது மெக்சிகோ தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்திருந்தது. "நாங்கள் எல்லையைத் தாண்டி வரவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்று அந்த மக்கள் சொல்வார்கள். சான் அந்தோனியோ நகரத்துச் சதுக்கங்களில் பொழுது சாய்ந்ததும் பெண்கள் பானையோடு வந்து அடுப்பு மூட்டி, மிளகாய் போட்ட கறிக்குழம்பு விற்பார்கள். சில்லி குவீன்ஸ், மிளகாய் ராணிகள் என்று அவர்களுக்குப் பெயர். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சான் அந்தோனியோ சில்லிக் கடை இருந்தது. அதே பத்தாண்டில் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி மிளகாய்த் தூளைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். தூள் நாடு முழுக்கப் பரவியது. ராணிகளைச் சுகாதார விதி காட்டி நகராட்சி கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தியது. குழம்பு வேண்டும், குழம்பு வைத்தவள் தெருவில் நிற்கக் கூடாது. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

ஆக, டெக்சாஸ் பக்கத்து மெக்சிகன், சுருக்கமாக டெக்ஸ்-மெக்ஸ் என்று இளக்காரமாகச் சொல்லப்படும் சாப்பாட்டுக்கும் ஊர் உண்டு, பாட்டி உண்டு. அதைப் போலி என்று தள்ளுவது சரியில்லை. தள்ளும் வழக்கம் எப்போது வந்தது? டயானா கென்னடி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1957இல் மெக்சிகோவுக்குக் குடிவந்து, பஸ்ஸிலும் பிக்கப் வண்டியிலும் கிராமம் கிராமமாகப் போய்ச் சமையலைக் கற்றுக்கொண்டார். 1972இல் அவருடைய முதல் சமையல் நூல் அமெரிக்காவில் வந்தது. உள்நாட்டுச் சமையல் வேறு, எல்லைப்புறச் சமையல் வேறு என்று அதில் கோடு கிழித்தார். செய்தது பெரிய காரியம். வஹாகா மாநிலத்தின் மோலே என்ற மிளகாய்க் குழம்பு, யுகத்தானில் வாழையிலையில் சுற்றிக் குழியில் வேகவைக்கும் பன்றிக்கறி, புவெப்லாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் கிடைக்கும் அக்ரூட் கிரீம் ஊற்றிய அடைத்த மிளகாய் எல்லாம் பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஆனால் கூடவே ஒரு நோயும் வந்தது. உணவகத்துக்குள் நுழைகிற அமெரிக்கர் முதலில் கேட்பது, "இது அசல் மெக்சிகனா?"

அசல் என்றால் என்ன? பழமையா? மெக்சிகோ நகரத் தெருக்களில் மாலையானால் செங்குத்துக் கம்பியில் கறி சுழலும், உச்சியில் அன்னாசி செருகியிருக்கும். டாக்கோஸ் அல் பஸ்தோர். அதைவிட மெக்சிகன் வேறில்லை என்பார்கள். கம்பியைப் பார்த்ததுமே உங்களுக்கு ஷவர்மா நினைவு வரும். சரிதான், லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது அது. என் நண்பரின் புவெப்லாவில் அரபு டாக்கோ என்றே விற்கிறார்கள். ஆட்டுக்குப் பதில் பன்றி வந்தது, மிளகாய்ப் பூச்சு வந்தது, அன்னாசி ஏறியது. நூறு வயதுகூட ஆகாத அசல். சீசர் சாலட் 1924இல் பிறந்தது மெக்சிகோவின் திஹுவானாவில், ஓர் இத்தாலியர் கடையில். அது அசல் மெக்சிகனா என்று யாரும் கேட்பதில்லை. நம் வீட்டுக்கே வாருங்கள். மிளகாய் மெக்சிகோ பக்கத்துச் செடி, போர்த்துகீசியர் கொண்டுவந்தது. சப்போட்டாவின் பெயரே அந்நாட்டு நாவாட்டல் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மிளகாய் இல்லாத சாம்பாரை யாராவது அசல் என்று பரிமாறினால் எழுந்து போய்விடுவோம்.

பழமையை விட்டுவிடுவோம். எனக்குப் புரிந்த அசலைச் சொல்கிறேன். அது மாவில் இருக்கிறது.

தொர்தீயா என்றேன், முழுதாக விளக்கவில்லை. டார்ட்டில்லா என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறோமே, அதுதான். ஏறத்தாழ ஒன்பதாயிரம் வருடங்களுக்கு முன் தெற்கு மெக்சிகோவில் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தெயோசிந்தே என்ற காட்டுப் புல்லைப் பழக்கி மக்காச்சோளமாக்கினார்கள். மக்காச்சோள மாவை வெறும் தண்ணீரில் பிசைந்து தட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் வெடிக்கும். அவர்கள் கண்டுபிடித்த வழி சுண்ணாம்பு. நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்பு. ஒரு கிலோ சோளத்துக்குச் சுமார் பத்து கிராம் போட்டு வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊற விடுவார்கள். காலையில் தேய்த்துக் கழுவினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். இப்படிப் பக்குவமான சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். மெத்தாத்தே என்ற கல்லில் அரைப்பார்கள். நம் அம்மிதான், சற்றுச் சாய்வாக மூன்று கால் வைத்தது. அரைத்த மாவின் பெயர் மாசா. கையில் ஒட்டாது, தட்டினால் வெடிக்காது, சூடான கல்லில் போட்டால் புல்கா மாதிரி உப்பும். மழை விழுந்த மண்ணும் வெந்த சோளமும் கலந்த ஒரு வாசனை வரும்.

சுண்ணாம்பு செய்கிற இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. சோளத்தில் உள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து உடம்பில் சேராதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதை அவிழ்த்துவிடுகிறது. சோளத்தை எடுத்துப்போன ஐரோப்பியர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சோளக் கூழே கதியென்று இருந்த வட இத்தாலிய ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வந்தது. தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி கலங்கும், கடைசியில் உயிர் போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் அதே நோய். தொற்று என்று பலர் நம்பினார்கள். 1914இல் ஆராய அனுப்பப்பட்ட ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், குறை சாப்பாட்டில் என்று காட்டினார். குறைந்திருந்தது நியாசின் என்பது 1937இல் உறுதியானது. அதே சோளத்தை மூன்று வேளையும் தின்ற மெக்சிகோக் கிராமத்தாருக்கு அந்த நோய் அரிது. அவர்கள் கிழவிகள் பானையில் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள்.

அமெரிக்க நாக்கின் கதையும் எனக்கு இதே மாதிரிதான் படுகிறது. அது காரத்துக்குப் பயப்படும் நாக்கு என்பார்கள். அப்படியில்லை. 1990களின் தொடக்கத்திலேயே அங்கே சல்சா என்ற தக்காளி மிளகாய்ச் சட்னியின் விற்பனைத் தொகை கெச்சப்பை முந்திவிட்டது. எடுத்துக்கொள்ளத் தயங்காத நாக்கு அது. மிளகாயை எடுத்துக்கொண்டது, அவகாடோவை எடுத்துக்கொண்டது, தெக்கீலா மதுவை எடுத்துக்கொண்டு, அதில் கலக்கும் உறைபனி மார்கரீத்தாவுக்கு டல்லாஸில் 1971இல் இயந்திரமே செய்தது. மாசாவின் மென்மையும் அந்தச் சுண்ணாம்பு வாசனையும் மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தில் மொறுமொறுப்பையும் உருகிய சீஸையும் நிரப்பிக்கொண்டது. மழைக்காலச் சோளக்கதிரில் கரிப்பூட்டை நோய் வந்தால் மணி ஊதிக் கறுக்கும். மெக்சிகோவில் அதை வீத்லாகோச்சே என்று ஆசையாகச் சமைப்பார்கள். 1989இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பியர்ட் என்ற சமையல் அறக்கட்டளை அதற்கென்று ஒரு விருந்து வைத்தது. ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானின் பெயரைச் சேர்த்து, "மெக்சிகன் ட்ரஃபிள்" என்று பிரெஞ்சு நாட்டு மவுசு பூசித்தான் அதைப் பரிமாறினார்கள்.

விலையிலும் இதைப் பார்க்கலாம். பிரெஞ்சு, ஜப்பானியச் சாப்பாட்டுக்கு மறுபேச்சில்லாமல் பணம் எடுத்து வைப்பவர், மெக்சிகன் என்றால் மலிவாக இருக்க வேண்டும் என்பார். இருபதுக்கு மேல் சாமான், இரண்டு நாள் வேலை கேட்கும் மோலேயை வெள்ளை மேசைவிரிப்பில் வைத்தால் உடனே சந்தேகம். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தால்தான் அசல். சிக்காகோவில் 1987இல் ஃப்ரன்டேரா கிரில் திறந்து அந்த வழக்கத்தை உடைக்கப் பார்த்தவர் ரிக் பேலெஸ் என்ற வெள்ளைக்காரர். நல்ல சமையல்காரர், குறை சொல்லமாட்டேன். ஆனால் நகரத்தின் பிரெஞ்சு உணவகச் சமையலறைகளிலும் சட்டி பிடித்துக்கொண்டிருந்த எத்தனையோ புவெப்லாக்காரர்களுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கி முன்வந்திருக்கும்?

மெக்சிகோவிலும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1949இல் நுவேவோ லியோன் மாநிலத்தில் தொடங்கிய க்ரூமா நிறுவனத்தின் மசேகா என்ற உலர்மாவு வீடு வீடாக நுழைந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் மாசா. 2010இல் மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தபோது, பாக்கெட் மாவில் தட்டிய தொர்தீயா எத்தனையோ வீட்டு மேசையில் இருந்தது. ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற பெண்ணை நிஷ்டமால் அரைக்கச் சொல்ல எனக்கென்ன உரிமை?

2024இல் உணவகங்களுக்கு நட்சத்திரத் தகுதி கொடுக்கும் மிஷ்லின் கையேடு மெக்சிகோ நகரத்தில் ஒரு சின்ன டாக்கோக் கடைக்கு நட்சத்திரம் கொடுத்தது. எல் கலிஃபா தெ லியோன், 1968இலிருந்து நடக்கிறது. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். நான்கே வகை. மெல்லிய மாட்டுக்கறி, உப்பு, எலுமிச்சை, கண்ணெதிரே தட்டிய தொர்தீயா. தலைமைச் சமையல்காரருக்கு வெள்ளை அங்கி கொண்டுவந்து கொடுத்தார்களாம். அடுப்புச் சூட்டில் இதை யார் போடுவது என்று அவர் ஒதுக்கிவிட்டார்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் நண்பர் என்னைப் பில்சன் பகுதிக்குக் கூட்டிப்போனார். சிக்காகோவில் மெக்சிகோக்காரர்கள் வாழும் வட்டாரம். காலை ஏழு மணி, நல்ல பனி. சோளத்தைத் தாங்களே வேகவைத்து அரைக்கும் ஒரு தொர்தீயாக் கடைக்கு முன்னால் வரிசை நின்றது. ஒரு கட்டு வாங்கினார், காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள், கை பொறுக்காத சூடு. வாசலிலேயே பிரித்து ஒன்றை எடுத்து, சட்டைப்பையிலிருந்த சின்னப் பொட்டலத்து உப்பைத் தூவி, சுருட்டி என்னிடம் நீட்டினார். கறியோ சல்சாவோ எதுவும் இல்லை. சின்ன வயதில் அம்மா கடைக்கு அனுப்பினால் திரும்பி வரும் வழியில் இப்படித்தான் தின்பார்களாம். வீடு சேரும்போது கட்டில் இரண்டு குறையும், அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாளாம். நாங்கள் காருக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு குறைந்திருந்தது.

வணக்கம்.