லிபரல் என்றால் எந்த விஷயத்தில்?

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சு வாடையை முழுக்கத் துடைக்காமல் எழுதியிருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

‘லிபரல்’ என்ற சொல்லை நம் பக்கத்தில் ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்துகிறோம். பேப்பர் திருத்தும் வாத்தியார் லிபரலாக மார்க் போடுவார். பெண் பார்க்க வந்தவர்கள், “எங்க வீட்ல ரொம்ப லிபரலுங்க, பொண்ணு வேலைக்குப் போகலாம்” என்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவருக்கு 1991க்குப் பிறகு வந்த தாராளமயம்தான் லிபரல். ராத்திரி டிவி விவாதத்தில் அதே சொல் வசவு. நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் யார் யாருக்குக் கட்சி என்றே தெரியாது.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லிபரல் என்றால் வியாபாரத்தில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது என்று சொன்னவர். அமெரிக்காவில் 1930களில் ரூஸ்வெல்ட் காலத்துக்குப் பிறகு, ஏழைக்கும் தொழிலாளிக்கும் அரசாங்கம் கை கொடுக்க வேண்டும் என்பவர் லிபரல். ஆஸ்திரேலியாவில் 1944ல் தொடங்கிய லிபரல் கட்சி வலதுசாரிக் கட்சி. ஜப்பானில் 1955ல் உருவான லிபரல் ஜனநாயகக் கட்சியும் பழமை பேசும் கட்சிதான். ஆகவே ஒருவர் தன்னை லிபரல் என்று சொன்னால் நான் உடனே தலையாட்டுவதில்லை. “எந்த விஷயத்துல?” என்று கேட்டுவிடுவேன்.

ராஜாஜியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். சேலத்தில் வக்கீல், சேலம் நகராட்சித் தலைவர், 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்தவர். அதனால் நம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாம். 1959ல், எண்பது வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். நேரு அரசின் கட்டுப்பாடுகளை ‘லைசென்ஸ் பெர்மிட் ராஜ்’ என்று திட்டியது அவர்தான். 1967ல் அந்தக் கட்சிக்கு மக்களவையில் 44 இடம் கிடைத்தது. பொருளாதாரத்தில் இதைவிட லிபரலான கட்சி இந்தியாவில் அந்த அளவுக்கு வளர்ந்ததில்லை.

ஆனால் அதே ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக (இன்று முதல்வர் என்கிறோம்) இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போனது. அந்த ஓட்டையை அடைக்க 1939ல் பொது விற்பனை வரி போட்டார். இங்கே கடை வைத்திருக்கும் அண்ணன்மார் முகத்தைப் பார்க்கிறேன், சிரிக்கிறீர்கள். லைசென்ஸ் வேண்டாம் என்றவர் கையால்தான் விற்பனை வரியும் வந்தது. இதை வைத்து அவரைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். குடிகாரன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தவர், அங்கே அரசாங்கம் தலையிடலாம் என்று நினைத்தார். தொழிற்சாலை வாசலில் தலையிட வேண்டாம் என்று நினைத்தார். வேலியை எங்கே போடுவது என்பதில்தான் ஒவ்வொரு லிபரலும் வேறுபடுகிறார்.

கள் பேச்சு வந்துவிட்டது, அதை விட்டுவிட்டுப் போனால் இந்த ஊரில் எனக்குக் காபி கிடைக்காது. ஈரோட்டுப் பெரியார் காங்கிரஸில் இருந்த காலத்தில் கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர். இன்று அதே மண்ணில் விவசாயிகள் கள் இறக்க அனுமதி கேட்டுப் போராடுகிறார்கள். 1987லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆனால் பாட்டில் சரக்கை அரசாங்கமே விற்கிறது. 2003லிருந்து சில்லறைக் கடையும் டாஸ்மாக் கையில். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா, அங்கே தென்னங்கள் சட்டப்படி இறங்குகிறது. மரமும் ஒன்று, பாளையும் ஒன்று.

பனையில் இன்னும் வேடிக்கை. பாளையில் கட்டும் முட்டிக்கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது தெளுவு, அதாவது பதநீர், நீங்கள் குடிக்கலாம், காய்ச்சிக் கருப்பட்டியும் ஆக்கலாம். தடவாமல் விட்டால் அது புளித்துக் கள், போலீஸ் கேஸ். ஒரு விரல் சுண்ணாம்பில் ஒரு மனிதன் குற்றவாளி ஆகிறான். பழைய இங்கிலாந்து லிபரல் இதைப் பார்த்தால், “மரம் அவன் மரம், விட்டுவிடு” என்பார். அமெரிக்க லிபரல் கொஞ்சம் யோசித்து, “கூலிக்காரன் சம்பளம் வீடு போய்ச் சேருமா?” என்று கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விதான். அரசே கடை நடத்திக்கொண்டு கள்ளை மட்டும் தடுப்பதற்கு மட்டும் இரண்டு பேரிடமும் பதில் இருக்காது. என் கருத்தைக் கேட்டால், கள்ளைத் திறந்துவிடலாம்.

அதற்காக நம் விவசாயியைப் பெரிய சுதந்திரவாதி என்றும் சொல்லிவிட முடியாது. மரத்தில் ஏறும்போது அரசாங்கம் வேண்டாம், கொப்பரைக்கு ஆதரவு விலை கேட்கும்போது வேண்டும், மோட்டாருக்கு இலவச கரண்ட்டும் வேண்டும். திருப்பூரும் அப்படித்தான். வெளிநாடுகள் நம் துணிக்கு வைத்திருந்த இறக்குமதிக் கோட்டா 2004 முடிவோடு ஒழிந்தது நல்லது என்றோம். 2011ல் உயர்நீதிமன்றம் நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அரசாங்கம் வந்து காப்பாற்ற வேண்டும் என்றோம். ஆறு பாயும் வழியில் கீழே, ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் கிணறு வைத்திருந்தவரின் சுதந்திரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அப்புறம், பெண் பார்க்க வந்த அந்த லிபரல் வீடு. வேலைக்குப் போகலாம், சுடிதார் போடலாம், கார் ஓட்டலாம். வேறு சாதியில் கட்டிக்கொள்கிறேன் என்றால்? 2016ல் உடுமலை பேருந்து நிலையம் அருகில், சாதி மாறிக் கட்டிக்கொண்ட சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அந்தஸ்து வாங்கிய மாநிலம் இது, அந்தப் பழக்கம் கிளம்பியதே ஈரோட்டுக்காரரிடமிருந்து.

அரசாங்கமும் இங்கே முழு லிபரல் இல்லை. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப் போனால், முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாமாம். அந்தப் போர்டை முதலில் போய்ப் படிப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? வீட்டை விட்டு ஓடி வந்த பெண்ணின் மாமன்களும் சித்தப்பன்களும்தான்.

நன்றி. கேள்விகளைக் கேளுங்கள், கள்ளைப் பற்றித்தான் முதலில் வரும் என்று தெரியும்.