மீன் வயிற்றுக்குள் ஒரு புத்தகம்! கரையில் நின்றே பெரிய காட் பிடிக்கும் ரகசியம்

(திரையில்: வாயைப் பிளந்து கிடக்கும் ஒரு பெரிய காட் மீன்)

1626-ஆம் ஆண்டு, ஜூன் மாதம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரச் சந்தை. ஒரு காட் மீனின் வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்கிறார்கள். குடலோடு சேர்ந்து ஒரு துணிப் பொட்டலம் வெளியே வருகிறது. பாய்மரத் துணி. பிரித்துப் பார்த்தால் உள்ளே புத்தகம்! அச்சடித்த புத்தகம்!

கதை விடுகிறான் என்று வீடியோவை மூடிவிடாதீர்கள். பல்கலைக்கழகத்து அறிஞர் ஒருவர் அதை நேரில் பார்த்துக் கடிதத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த வருடமே லண்டனில் அந்தப் புத்தகத்தை மறுபதிப்புப் போட்டு விற்றும்விட்டார்கள். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எந்தப் பதிப்பாளருக்குக் கிடைக்கும்?

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. உள்ளே இருந்தவை சமயக் கட்டுரைகள். ஜான் ஃப்ரித் என்பவர் எழுதியவை என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அவரை 1528-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சிறை வைத்தார்கள். எங்கே தெரியுமா? மீன் சேமித்து வைக்கும் நிலவறையில்! 1533-ல் சமய விரோதி என்று சொல்லி அவரை எரித்தே கொன்றுவிட்டார்கள். மீன் நாற்றத்தில் அடைபட்டுக் கிடந்தவரின் எழுத்து என்று ஊரே நம்பிய ஒன்று, கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து ஒரு மீனின் வயிற்றிலிருந்து வெளியே வருகிறது. இதை நானே கற்பனையாக எழுதியிருந்தால் கமெண்டில் என்னைக் கிழித்திருப்பீர்கள்.

சரி, இது தூண்டில் வீடியோதானே, புத்தகம் எதற்கு? காரணம் இருக்கிறது. கரையில் நின்று பெரிய காட் பிடிப்பதில் பாதி விஷயம் அந்த மீனின் வாயைப் புரிந்துகொள்வதுதான். அந்த வாய்க்குப் புத்தகமும் ஒன்றுதான், நண்டும் ஒன்றுதான்.

அறிமுகத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். காட், வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழும் மீன். முதுகில் மூன்று துடுப்பு, தாடைக்குக் கீழே ஒற்றை மீசை. ஃபிஷ் அண்ட் சிப்ஸில் வருவது பெரும்பாலும் இதுதான். சத்துக்காக விழுங்குகிற மஞ்சள் நிற மீன் எண்ணெய் மாத்திரை இருக்கிறதே, அதில் ஒரு வகை இதன் ஈரலிலிருந்து எடுப்பது. அறிமுகம் அவ்வளவுதான்.

இப்போது அந்த மீசைக்கு வருவோம். அது அழகுக்கு இல்லை. அதில் சுவை உணரும் மொட்டுகள் இருக்கின்றன. கடலடியில் மண்ணை ஒட்டியே நீந்தி, மீசையால் தடவித் தடவிச் சுவை பார்க்கும். பிடித்திருந்தால் ஒரே விழுங்கு. கடிப்பது, மெல்லுவது என்ற பேச்சே இல்லை. நண்டை ஓட்டோடு விழுங்கும், சங்கைச் சங்கோடு விழுங்கும், சில சமயம் கல்லையும் விழுங்கும். அந்தக் காலத்து இயற்கை ஆய்வாளர்கள் ஆழ்கடல் சிப்பிகளும் சங்குகளும் வேண்டும் என்றால் காட் மீனின் வயிற்றைத்தான் தேடுவார்களாம். தாங்கள் இறங்க முடியாத இடத்தில் மீன் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்கிறது. சம்பளமில்லாத உதவியாளர்!

ஆக, இரை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சின்ன முள்ளில் சின்னப் புழுவைக் கோத்துப் போட்டால், காட் வருவதற்குள் வைட்டிங் என்ற சின்ன மீன் கூட்டமாக வந்து காலி செய்துவிடும். இங்கிலாந்துக் கரையில் குளிர்காலத்தில் நின்று பாருங்கள், அந்த வைட்டிங் எவ்வளவு எரிச்சல் கொடுக்கும் என்று தெரியும். பெரிய காட் வேண்டுமானால் 15, 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரை கட்ட வேண்டும். மணலைத் தோண்டி எடுக்கிற கறுப்பு லக் புழு மூன்று நான்கு, அதன் மேல் ஒரு முழுக் கணவாய், மொத்தத்தையும் மெல்லிய ரப்பர் நூலால் சுற்றி இறுக்கிக் கட்டுவது. இதை அங்கே காக்டெய்ல் என்பார்கள். ஒரே தூண்டில் நரம்பில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பெரிய முட்கள். முள்ளின் முனை இரைக்குள் புதைந்துவிடாமல் வெளியே தெரிய வேண்டும், அது முக்கியம். கட்டி முடித்த பிறகு உங்கள் கையை யாரும் குலுக்க மாட்டார்கள். அந்த அளவுக்கு நாறினால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து, எப்போது போவது? இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு நல்ல வெயில் நாளாகப் பார்த்து, அமைதியான கடலாகப் பார்த்துக் கிளம்புவார்கள். படம் நன்றாக வரும், மீன் வராது. கடலை நோக்கி இல்லாமல் கரையை நோக்கிப் புயல்காற்று ஒன்றிரண்டு நாள் அடித்து, அப்புறம் கடல் மெல்ல அடங்குகிற நேரம் இருக்கிறதே, அதுதான் நேரம். பேரலை அடியை உழுதுபோட்டு, மண்ணுக்குள் ஒளிந்திருந்த புழு, சிப்பி, நண்டு எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டிருக்கும். தண்ணீர் கலங்கிப் பழுப்பாக இருக்கும். காட்டுக்கு அது விருந்து. அந்த விருந்துக்காகக் கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தூரத்துக்கே வந்துவிடும். இருட்டியதும் இன்னும் நெருங்கும்.

அதனால் நூற்றைம்பது மீட்டர் வீசினேன், இருநூறு மீட்டர் வீசினேன் என்று மார் தட்டுகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆழம் கூடாத தட்டையான கரையில் தூரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் டங்கனஸ், செசில் மாதிரி செங்குத்தாக இறங்குகிற கூழாங்கல் கரைகளில் ஆழம் காலடியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மீனைத் தாண்டி வீசுவதில் என்ன பெருமை?

செசில் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தெற்கு இங்கிலாந்தில் டார்செட் கடற்கரையில் சுமார் 29 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிற ஒற்றைக் கூழாங்கல் மேடு அது. மேற்கு முனையில் பொடிக்கல். கிழக்கே போகப் போகக் கல் பெரிதாகிக்கொண்டே வந்து, போர்ட்லண்ட் முனையில் உருளைக்கிழங்கு அளவுக்கு ஆகிவிடும். அந்தக் காலத்தில் இருட்டில் கரை சேர்ந்த மீனவர்களும் கள்ளக்கடத்தல்காரர்களும் ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பார்த்தே எந்த இடத்தில் இறங்கியிருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்களாம். ஜிபிஎஸ் எல்லாம் பிறகு வந்ததுதான்!

எவ்வளவு பெரியது கிடைக்கும் என்று கேட்பீர்கள். பிரிட்டனில் கரையிலிருந்து பிடித்ததில் பெரியது 44 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1966-ல் வேல்ஸில் பேரி என்ற ஊரில் பிடித்தது. அது பிரிஸ்டல் கால்வாய்க் கரை. கடல்மட்டம் பத்து மீட்டருக்கும் மேலே ஏறி இறங்குகிற இடம், நீரோட்டம் பேய்த்தனமாக ஓடும். உலக சாதனை 2013-ல் நார்வேயின் சோரோயா தீவுப் பக்கம் பிடித்த 47 கிலோ மீன். ஆனால் அது படகில் பிடித்தது, நமக்குக் கணக்கில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மீன் மாட்டியது எப்படித் தெரியும்?

கம்பின் நுனி படபடவென்று ஆடும், வளையும், ரீல் கத்தும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படியும் நடக்கும். ஆனால் பெரிய காட் பல நேரம் நேர் எதிராகச் செய்யும். வளைந்து நின்ற கம்பு திடீரென்று நிமிர்ந்துவிடும். நரம்பு தொய்ந்து காற்றில் ஆடும். புதிதாக வந்தவர், ஐயோ நரம்பு அறுந்துவிட்டது என்று தலையில் கை வைப்பார். பக்கத்தில் இருக்கிற பழைய ஆள் பாய்ந்து வந்து, ‘சுற்று, சுற்று!’ என்று கத்துவார்.

ஏன் இப்படி? எல்லாம் அந்த ஈயக்குண்டின் வேலை. கரைத் தூண்டிலில் போடும் குண்டில் நான்கு கம்பிக் கால்கள் இருக்கும். அவை மண்ணில் குத்திப் பிடித்துக்கொள்ளும். நீரோட்டம் நரம்பை இழுக்க, குண்டு விடாமல் பிடிக்க, நடுவில் கம்பு வளைந்தபடியே நிற்கும். காட் வந்து இரையை விழுங்கிவிட்டுக் கிளம்புகிறது. கிளம்பிய வேகத்தில் குண்டின் கால்கள் மடங்கி, பிடி விட்டுப் போகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் எதிர் அணி ஒரேயடியாகக் கயிற்றை விட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும். கம்பு நிமிர்ந்து நிற்கிறது. இதில் அழகு என்னவென்றால், குண்டைப் பிடுங்குகிற அந்த ஒரு நொடியில் மீன் தன்னைத் தானே முள்ளில் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, நரம்பு இறுகும் வரை வேகமாகச் சுற்றிக்கொண்டே பின்னால் நடப்பது. கனம் தெரிந்ததும் கம்பை நிதானமாக உயர்த்துங்கள். ஆவேசமாக வெட்டி இழுக்க வேண்டாம்.

(திரையில்: வளைந்த கம்பு, நிமிர்ந்த கம்பு, இரண்டும் பக்கம் பக்கமாக)

இந்தப் படத்தை நிறுத்தி இரண்டு முறை பாருங்கள். இந்த வீடியோவில் வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை என்றாலும் பரவாயில்லை.

நண்பர்களோடு போகிறீர்கள் அல்லவா, அதனால் பாதுகாப்பும் பேச வேண்டும். போரடிக்கும், ஆனால் இதைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். 5 அவுன்ஸ் குண்டு என்றால் கிட்டத்தட்ட 140 கிராம். முழு வேகத்தில் வீசும்போது நரம்பு அறுந்தால் அது குண்டு இல்லை, துப்பாக்கி ரவை. பக்கத்தில் நிற்பது உங்கள் நண்பர். ஆகவே மெயின் நரம்பின் முன்னால் சில மீட்டர் தடித்த நரம்பு கட்டியே ஆக வேண்டும். ஷாக் லீடர் என்பது அதற்குப் பெயர். கணக்கு எளிது: ஒரு அவுன்ஸ் குண்டுக்கு 10 பவுண்டு தாங்கும் நரம்பு. 5 அவுன்ஸுக்கு 50 பவுண்டு. ‘இன்றைக்கு ஒருநாள் சமாளித்துக்கொள்கிறேன்’ என்று சொல்கிற நண்பரிடம் கம்பைக் கொடுக்காதீர்கள். டீ ஊற்றும் வேலையைக் கொடுங்கள்.

ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் நரம்பைச் சுற்றி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மூன்று தூண்டிலும் ஒரே சிக்காகி, மீனும் போய், நட்பும் போய்விடும். கரை சேர்க்கும்போது அலையோடு போட்டி போட வேண்டாம். அலை உள்ளே வரும்போது மீனைக் கூடவே கொண்டு வாருங்கள், அலை திரும்பும்போது விட்டுக்கொடுங்கள். கடைசி அலை மீனைக் கல் மேல் கிடத்தும், அப்போது போய் எடுக்கலாம். அதற்கு முன் யாரும் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். புயலுக்குப் பிந்தைய செங்குத்துக் கரையில் காலுக்கடியில் கல் சரியும், திரும்பும் அலை ஆளையே இழுத்துக்கொண்டு போகும். மிதவைச் சட்டை கட்டாயம். யாராவது விழுந்தால் கூடவே குதிக்காமல் பிரிட்டனின் அவசர எண்ணான 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டை, அதாவது கடலோர மீட்புப் படையைக் கேளுங்கள்.

சட்டம் ஒரு வரி: இங்கிலாந்தில் கடலில் காட் பிடிக்கத் தூண்டில் உரிமம் தேவையில்லை, 35 சென்டிமீட்டருக்குக் குறைந்த காட்டை எடுத்துப் போகக் கூடாது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். காட் இப்போது முன்பு மாதிரி இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அளவில்லாமல் பிடித்துத் தள்ளி, 1992-ல் காட் பிடிப்பதையே அரசு நிறுத்த வேண்டியதாயிற்று. முப்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே அடியில் வேலை இழந்தார்கள். வடகடலிலும் அதிகமாகப் பிடித்தது ஒரு பக்கம், நீர் சூடாவது இன்னொரு பக்கம். தெற்கு இங்கிலாந்துக் கரைகளில் காட் அரிதாகிவிட்டது. எத்தனையோ இரவு வெறும் வைட்டிங்கோடு திரும்ப வேண்டியிருக்கும், அதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு மூன்று கிலோ மீன் கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். எட்டு கிலோ, பத்து கிலோ மீன் என்றால் ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். அந்த அளவில் இருக்கும் பெண் மீன் ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டைகள் போடும். கரையில் பிடித்தது ஆழத்திலிருந்து இழுத்து வந்ததில்லை என்பதால் காற்றுப்பை வீங்கியிருக்காது, நன்றாகவே நீந்திப் போகும். ஈரமான கையால் பிடியுங்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள், கல்லில் துள்ள விடாதீர்கள். சாப்பிடாமல் விடுவதா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். வாருங்கள், பேசுவோம்.

அதோடு இன்னொரு சண்டையையும் தொடங்கிவைக்கிறேன். லக் புழுவை உயிரோடு போடுவதா, இல்லை உறைய வைத்துக் கெட்டியாக்கிப் போடுவதா? கரையில் இரண்டு பேர் சேர்ந்தால் இந்த வாக்குவாதம் வராமல் இருக்காது. நான் உறைய வைத்த கறுப்புப் புழுக் கட்சி: முள்ளில் உதிராமல் நிற்கிறது, நாற்றமும் தூரம் போகிறது. நீங்கள் எந்தக் கட்சி, ஏன் என்று கமெண்டில் எழுதுங்கள். வெறுமனே ‘உயிர்ப்புழுதான்’ என்று போடாமல், எந்தக் கரை, எந்த மாதம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த வீடியோவில் ரிக், அதாவது முள்ளும் குண்டும் நரம்பில் சேர்கிற அமைப்பு, கட்டுவதைக் காட்டும்போது அவற்றை எடுத்துப் பேசுகிறேன்.