பெவ் டிட்சியின் சைமன்

நேயர்களுக்கு வணக்கம். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பின மக்களின் குடியிருப்பான சோவெட்டோவில் வளர்ந்த பெவர்லி டிட்சி என்ற திரைப்படக் கலைஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தன்பாலீர்ப்புள்ள பெண் என்று இளம் வயதிலேயே வெளிப்படையாகச் சொன்னவர். இந்தப் பேச்சை எடுத்தாலே டர்பன் தமிழ் வீடுகளில் வானொலியின் சத்தத்தைக் குறைப்பார்கள் என்று தெரியும். குறைத்துக்கொண்டாவது கேளுங்கள்.

1990 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கில் நம் தென்னாப்பிரிக்காவின் முதல் பெருமைப் பேரணி, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள் உரிமை கேட்டு நடத்தும் 'பிரைடு' ஊர்வலம், நடந்தது. ஏற்பாடு செய்தவர்களில் நிறவெறி எதிர்ப்புப் போராளி சைமன் என்கோலியும் டிட்சியும் முக்கியமானவர்கள். வந்தவர்களில் சிலர் காகிதப் பையில் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்கள். அடையாளம் தெரிந்தால் வேலை போகும், வீடும் போகும் என்ற அச்சம் அவர்களுக்கு. டிட்சி முகத்தை மறைக்கவில்லை. 1995இல் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டிலும் பேசினார். பெண்ணுரிமை பேசும் சபை எங்களை வெளியே நிறுத்த முடியாது என்பதே அவர் வாதம்.

ஆனாலும் அவர் செய்தவற்றில் என்னை அதிகம் கவர்ந்தது, நிக்கி நியூமனுடன் சேர்ந்து 2002இல் எடுத்த 'சைமனும் நானும்' என்ற ஆவணப்படம்தான். என்கோலி சாதாரண ஆள் அல்லர். நிறவெறி அரசு தேசத்துரோகக் குற்றம் சுமத்தி, டெல்மாஸ் வழக்கில் சிறையில் அடைத்தது. சிறையில் இருந்தபோதே, தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை உடன் நின்ற தோழர்களிடம் சொன்னார். அவரோடு ஒரே கூண்டில் நிற்பதா என்று தயங்கியவர்கள்கூட நாளடைவில் மனம் மாறினார்கள். 1998இல் எய்ட்ஸ் அவரைக் கொண்டுபோனது.

இப்படிப்பட்டவரை மாலை போட்டுச் சுவரில் மாட்டிவிடுவது சுலபம். டிட்சி அதைச் செய்யவில்லை. தோழமையையும் மனக்கசப்பையும் சேர்த்தே சொல்கிறார். நாம் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படங்களில் இத்தகையவர்கள் பெரும்பாலும் நகைச்சுவைக் காட்சிக்கே வந்தார்கள். கையைத் தட்டி, இடுப்பை ஆட்டி, அடி வாங்கிப் போனார்கள். அவர்களைக் கேலிப்பொருளாக்குவது அவமதிப்பு என்றால், தியாகியாக்கித் தள்ளி நிறுத்துவதும் அதற்கு அதிகம் குறைந்ததன்று. கோபித்துக்கொள்ளக்கூடிய நண்பராகக் காட்டும்போதுதான் திரையில் இருப்பவர் நம்மில் ஒருவராகிறார்.

சட்டத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. 1996 அரசியலமைப்பு இவர்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. 2006இல் திருமண உரிமையும் வந்தது. தன்பாலுறவு குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதோ 2018இல்தான். ஆனால் டர்பனில் நம்மவர்கள் நிறைந்து வாழும் சாட்ஸ்வொர்த்தில் அப்படி ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து, உறவினர் வீட்டுக்கு எடுத்துப் போக எத்தனை பெற்றோர் துணிவார்கள்? நீதிமன்றம் அந்த வாசற்படி ஏறி வராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். காவடிக்கும் புரட்டாசிக்கும் கூடுகிற நம் மண்டபங்களில் ஒன்றில் இந்தப் படத்தைத் திரையிடுவோம். ஒரு மணி நேரம்கூட ஓடாது. பிரியாணி பரிமாறும் முன்பே முடிந்துவிடும். முன்வரிசையில் தாத்தா பாட்டிமாரை உட்கார வையுங்கள். இளையவர்களைவிட அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் நான் தயாராகி வருவேன். மண்டபக் குழுவில் இருப்பவர்கள் நிலையத்துக்கு எழுதுங்கள்.