கண்ணளவு செல்லாத இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பா கும்பகோணத்தில் நகை ஆசாரி. பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு எனக்கு வருவதற்கு முன்பே, ‘நாலு நெல் ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி’ என்ற பட்டறை வாய்ப்பாடு வந்துவிட்டது. தராசைக் கையில் எடுத்தால் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்துவார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் கதவை வேகமாகத் திறக்கக் கூடாது. அதே பழக்கத்தை மறுபடியும் நான் கண்டது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் கார் கொட்டகையில். மின்விசிறியை நிறுத்தினார், கதவைச் சாத்தினார், மூச்சைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டார். ஆனால் அவர் நிறுத்துக்கொண்டிருந்தது தங்கம் அல்ல, துப்பாக்கி மருந்து.

அவர் ஓய்வுபெற்ற தொழிற்சாலைக்காரர். சனிக்கிழமை தோறும் ரிவால்வரால் காகித இலக்கைச் சுடுவார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிய மாட்டார். அதைத் துடைத்து, பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் புதிய பிரைமர், அதாவது தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி, பொருத்தி, மருந்து போட்டு, ஈயக் குண்டை மேலே அழுத்தினால் தோட்டா மறுபடியும் தயார். தன் சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்துகொள்ள அமெரிக்காவில் தனி உரிமம் தேவையில்லை, லட்சக்கணக்கானோர் செய்கிறார்கள். இந்தியாவில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இது செய்முறை விளக்கம் அல்ல. எனக்குப் பிடித்தது இதிலுள்ள அளவுக் கணக்கு. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மருந்தை நிறுக்கும் அலகுக்குக் ‘கிரெய்ன்’ என்று பெயர். தானியம் என்பதுதான் பொருள்; ஐரோப்பியர் வாற்கோதுமை மணியை வைத்து நிறுத்த காலத்துப் பெயர். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம், அதாவது நம் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். இலக்குச் சுடுவோர் ‘.38 ஸ்பெஷல்’ என்ற ரிவால்வர் தோட்டாவில் வேகமாக எரியும் மருந்தை மூன்று கிரெய்னுக்கும் குறைவாகவே போடுவதுண்டு. ஒரு பவுண்டு டப்பா வாங்கினால் இரண்டாயிரம் தோட்டாவுக்கு மேல் வரும்.

இந்த .38 ஸ்பெஷலில்தான் ஒரு பழைய வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. 1898-இல் இதை வடிவமைத்தபோது கணக்கில் இருந்தது கருமருந்து. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த, புகை கக்கும் பழைய சரக்கு. அது 21 கிரெய்ன் வேண்டியிருந்தது. அதற்கேற்ற நீளத்தில் கூட்டைச் செய்தார்கள். பிறகு புகையில்லா மருந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் சக்தி பல மடங்கு, அளவோ துளி. கூடு மட்டும் பழைய நீளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று அந்தக் கூட்டில் சரியான அளவு மருந்தைக் கொட்டினால் கால் பங்குகூட நிரம்பாது. கவனம் பிசகி அதே கூட்டில் இன்னொரு தடவை கொட்டினாலும் வழியாது, பாதிகூட எட்டாது. குண்டு எப்போதும்போல் ஒழுங்காக உட்காரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இரண்டு மடங்கு மருந்து என்றால் இரண்டு மடங்கு வேகம், அவ்வளவுதானே என்று நான் கேட்டேன். அங்கேதான் விஷயம். இந்த மருந்து அடைபட்ட இடத்தில் எரியும்போது அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரிகிறது. அதனால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று போவதைப் போல. அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் அமைப்பு .38 ஸ்பெஷலுக்கு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இரட்டை மருந்து அந்த வரம்பை எங்கோ பின்னால் விட்டுவிட்டுப் போகும். ரிவால்வரின் உருளை பிளப்பது அப்படித்தான்.

சரி, பயமாக இருந்தால் குறைத்துப் போட்டுவிட வேண்டியதுதானே? அளவுக்கு மிஞ்சினால்தானே அமிர்தமும் நஞ்சு? நம் பழமொழி பாதியைத்தான் சொல்கிறது. ஒரு நாள் அவருடன் சுடும் மைதானத்துக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தடத்தில் ஓர் இளைஞன் சுட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை மட்டும் ‘டமார்’ என்பதற்குப் பதிலாக ‘டப்’ என்று தகர டப்பா மூடியைத் திறந்த மாதிரி ஒரு சத்தம். அவன் அடுத்த குண்டுக்கு விரலை அசைப்பதற்குள் இவர் “நிறுத்து!” என்று போட்ட கூச்சலில் மைதானமே நின்றது. துப்பாக்கியைக் காலி செய்து குழலில் ஒரு பித்தளைக் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். குண்டு பாதி வழியில் சிக்கியிருந்தது. மருந்து போதாமல் வெளியேற முடியாத குண்டு அது. பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்கும் ‘ஹெச் 110’ என்ற மருந்து மெதுவாக எரியும் வகை. மேக்னம் என்று சொல்லும் பெரிய தோட்டாக்களுக்கு உரியது. தோட்டாவுக்கு இவ்வளவு மருந்து என்று அது வெளியிடும் அட்டவணையில் உள்ள அளவிலிருந்து அதை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று அந்த நிறுவனமே எச்சரிக்கிறது. கூட்டை நன்றாக நிறைத்து இறுக்கமாக இருந்தால்தான் ஒழுங்காகப் பற்றும், இல்லாவிட்டால் திணறும். மற்ற மருந்துகளுக்கு ‘உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்கு’ என்பது பொது வழக்கம். அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் ஆபத்து. ஆக, குறைத்தால் பத்திரம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லவும் வழியில்லை.

அப்படியானால் அளவை எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? அவர் மருந்திலிருந்து தொடங்க மாட்டார். எதைச் சுடப்போகிறோம், எந்தக் குண்டு, ஈயமா செம்பு உறை போட்டதா, எடை என்ன என்று கேட்டுக்கொண்டுதான் மருந்து அளவுப் புத்தகத்தைத் திறப்பார். அந்தக் குண்டுக்கு அந்த மருந்தின் தொடக்க அளவு இவ்வளவு, உச்சம் இவ்வளவு என்று அட்டவணை சொல்லும். தொடக்க அளவில் சில தோட்டா, அதற்கு 0.1 அல்லது 0.2 கிரெய்ன் கூட்டிச் சில தோட்டா, இப்படிப் படிப்படியாகப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார். காகிதத்தில் துளைகள் எந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டி விழுகின்றனவோ அங்கே நின்றுவிடுவார். பெரும்பாலும் அது உச்சத்துக்கு வெகு கீழேயே அமைந்துவிடும். உச்சம் வரை ஏறிப் பார்த்தே தீருவேன் என்பவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எனக்கும்தான்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. 9 மில்லிமீட்டர் தோட்டாவின் கூடு சிறியது. உள்ளே காலி இடம் மிகக் குறைவு. அதில் குண்டு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இறங்கினாலே, மருந்து மாறாமல், அழுத்தம் வெகுவாக ஏறிவிடும். குண்டின் ஆழமும் மருந்தின் அளவும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

நம் வீடுகளில் கண்ணளவுக்குத் தனி மரியாதை. உப்பைக் கரண்டியால் அளக்கிற மருமகளை எந்த மாமியாரும் மெச்சியதில்லை. ஆனால் மருந்தைக் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்லவே முடியாது. சாம்பல் நிறச் செதில், மணி, குச்சித் துண்டு என்று மூன்று உருவந்தான். ஒரே உருவில் வேகமாக எரிவதும் உண்டு, மெதுவாக எரிவதும் உண்டு. அதனால் அவர் மேசையில் ஒரு சமயத்தில் ஒரு டப்பாதான் இருக்கும். பெயர் தெரியாத மருந்து மிச்சம் இருந்தால் புல்வெளியில் தூவிவிடுவார். நைட்ரஜன் இருப்பதால் புல்லுக்கு உரம்.

துளையிட்ட மரப்பலகையில் ஐம்பது கூடுகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மருந்து விட்டபின் கைவிளக்கை மேலே பிடித்து ஐம்பதையும் எட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதற்காக. ஒரு நாள் அந்த நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. மகள் பேசினாள் போலிருக்கிறது, அரைமணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தவர் மளமளவென்று குண்டுகளை அழுத்தி முடித்துவிட்டார். பெட்டியை மூடும்போதுதான், விளக்குப் பிடித்துப் பார்த்தோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தது.

முழுத் தோட்டாவையும் நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றேன். தலையை ஆட்டினார். பித்தளைக் கூடும் ஈயக் குண்டும் ஒன்றுக்கொன்று ஓரிரண்டு கிரெய்ன் வித்தியாசப்படும். மருந்தே மூன்று கிரெய்ன்தானே, அந்த வித்தியாசத்துக்குள் மறைந்துவிடும் என்றார். பிறகு குண்டைப் பிரித்தெடுக்கும் சுத்தியலை எடுத்தார். ஒவ்வொரு தோட்டாவையும் அதன் தலைக்குள் மாட்டி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினார். குண்டு ஒரு பக்கமும் மருந்து ஒரு பக்கமுமாகக் கழன்றன. ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் வைத்தார். ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது.

ஐம்பதிலும் அளவு சரியாகவே இருந்தது. மருந்தைக் கொண்டுபோய்ப் புல்வெளியில் தூவிவிட்டு வந்து, முதல் கூட்டை எடுத்துப் பலகையில் வைத்தார்.