தண்ணீர் குடிக்காத எலி, தோலால் குடிக்கும் தவளை

(காட்சி: மழை ஓய்ந்த மாலை, வெள்ளவத்தை. பின்னணிக் குரல்.)

வணக்கம். கொழும்பில் தோய்த்த துணி இரண்டு நாளாகியும் காயாத மாதங்கள் உண்டு. நமக்குத் தொல்லையான அந்த ஈரக்காற்றுதான் நம் தோட்டத்துப் புதர்த் தவளைக்கு உயிர். அதன் அருமை விளங்க, முதலில் ஈரமே இல்லாத ஓர் இடத்துக்குப் போவோம்.

(காட்சி: அமெரிக்காவின் அரிசோனா பாலைவனம், இரவு.)

பாலைவனம் என்றதும் ஒட்டகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒட்டகம் தண்ணீரைக் கண்டால் ஒரே தடவையில் 100 லீற்றருக்கு மேலும் குடிக்கும். கங்காரு எலி என்ற இந்தச் சிறிய முலையூட்டியோ தண்ணீரே குடிக்காமல் வாழக்கூடியது. அது தின்பது காய்ந்த விதைகள். 1 கிராம் மாப்பொருள் உடலுக்குள் எரியும்போது ஏறக்குறைய 0.6 கிராம் நீர் உண்டாகிறது. வரவு இவ்வளவுதான் என்பதால் செலவில் கடும் சிக்கனம். அதன் சிறுநீரகம் நம்முடையதைவிட நான்கு மடங்கு செறிவாகச் சிறுநீரை வெளியேற்ற வல்லது. மூச்சுக்காற்றின் ஈரம்கூடக் குளிர்ந்த மூக்கிலேயே படிந்து மிஞ்சுகிறது.

(காட்சி: சிங்கராஜ மழைக்காடு.)

தவளையின் வழி நேர்மாறு. அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் ஈரத்தை உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு அதே தோலின் வழியாகத்தான். அந்தத் தோல் காய்ந்தால் தவளை பிழைக்காது.

என்னை வியக்க வைப்பது அடுத்த விடயம். தவளை என்றால் குளமும் வாற்பேத்தையும் வேண்டும் என்று படித்திருக்கிறோம். நம் புதர்த் தவளைகளுக்கு இரண்டும் தேவையில்லை. பெரும்பாலான இனங்களில் பெண் தவளை மண்ணில் சிறு குழி தோண்டி, முட்டையிட்டு, மண்ணோடு கலந்து மூடிவிடுகிறது. வாற்பேத்தைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து, சில வாரங்களில் முழு வடிவத் தவளைக்குஞ்சு வெளியே வருகிறது. குளத்தையே கைவிட்ட இந்த ஈரூடகவாழி, பாலைவன எலிக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பேன். ஆனால் அந்த மண் ஈரமாகவே இருக்க வேண்டும். அதற்கு மேலே நிழல் வேண்டும்.

இலங்கையில் இவ்வகையில் 70க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அவற்றில் 15க்கும் மேற்பட்டவை அழிந்துவிட்டன. கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றி நிற்பதும் மழைக்காடுதான். அதைக் காப்பது தவளைக்கும் நமக்கும் ஒரே வேலை.

(காட்சி: வீட்டுத் தோட்டம்.)

தோட்டம் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். மர நிழலில் கிடக்கும் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள், அங்கே பூச்சிமருந்தும் தெளிக்காதீர்கள். அதன் கீழ் மண்ணில் முட்டைகள் இருக்கலாம்.